ஓவர்சியர் பார்த்த கிரேக்கம்

கிரேக்க நாட்டின் தொல்லிடங்களில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் கல் மட்டுமே. கூரையைத் தாங்கிய மர உத்தரங்கள் மக்கிப்போயின; சுட்ட மண் ஓடுகள் நொறுங்கின; சிற்பங்களின் மேலிருந்த சிவப்பும் நீலமும் கரைந்தன; வெண்கலமும் ஈயமும் உருக்கி எடுக்கப்பட்டன. அதனால், அக்கட்டடங்கள் முழுமையாக நின்ற காலத்தில் எந்த வழிபாட்டாளரும் கண்டிருக்க முடியாத உட்பகுதிகள், அதாவது கல்லோடு கல் சேரும் மூட்டுகள், அவற்றுள் வெட்டப்பட்ட குழிகள், தரைக்கடியில் ஓடிய வடிகால்கள் ஆகியவை, இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் காணத் திறந்து கிடக்கின்றன. வழிகாட்டி நூல்கள் இவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தெய்வங்களின் பிறப்பையும் போர்களின் ஆண்டையும் சொல்லிவிட்டு அவை நகர்ந்துவிடுகின்றன. இங்கு நினைவுகூரப்படும் பயணத்தை மேற்கொண்ட இருவருள் மகள் அத்தகைய நூல்களைப் படித்துத் தேர்ந்தவர். தந்தை மூட்டுகளையும் வடிகால்களையும் தவிர வேறெதையும் எளிதில் நம்பாதவர்.

தந்தையார் தமிழகப் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓவர்சியர் என்பவர் பொறியாளரின் வரைபடத்துக்கும் கொத்தனாரின் கைக்கும் நடுவே நிற்பவர். முடிந்த வேலையை அளந்து, எம்-புக் என்று துறையினர் சொல்லும் அளவுப் புத்தகத்தில் பதிந்து, வேலை சரியாக இருந்தால் மட்டும் பட்டியல் தொகைக்குப் பரிந்துரைப்பவர். மகள் கல்லூரியில் உலக வரலாறு கற்பிப்பவர். ஏதென்ஸ், மைசீனி, எபிடாரஸ் ஆகியவற்றோடு டீலோஸ், நக்சோஸ், கிரீட் ஆகிய தீவுகளையும் காணவேண்டுமென்ற திட்டம் மகளுடையது. எழுபதைக் கடந்த தந்தை அதற்கு இணங்கியதற்குக் காரணம் ஹோமரும் அல்ல, பிளேட்டோவும் அல்ல. பார்த்தனான் கோயிலின் ஒளிப்படம் ஒன்றில் தூண்களுக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த பாரந்தூக்கியைப் பார்த்து, "இத்தனை வருஷமா கிரேனை நிறுத்தி வச்சிருக்காங்களே, காண்டிராக்டர் யாரும்மா?" என்று அவர் கேட்ட கேள்விதான் பயணத்தின் தொடக்கம்.

ஏதென்ஸ் நகரின் நடுவே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்துக்கு எழும் சுண்ணாம்புப் பாறைக் குன்றே அக்ரோபோலிஸ். நூற்றாண்டுகளாகப் பல்லாயிரம் பேர் மிதித்ததால் அதன் உச்சிப் பாறை வழவழப்பாகி, முழங்கால் வலி உள்ளோருக்கு ஒவ்வோர் அடியும் ஆபத்தாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டில் அங்கே அகலமான கான்கிரீட் நடைபாதைகள் அமைக்கப்பட்டு, வடபுறத்தில் புதிய மின்தூக்கியும் நிறுவப்பட்டபோது, தொன்மையான பாறையைச் சிமெண்டால் மூடுவதா என்று தொல்லியலாளர் பலர் கடுமையாக எதிர்த்தனர். மகளும் எதிர்ப்பாளர்களின் பக்கமே. தந்தை அந்தப் பாதையில் யார் கையையும் பிடிக்காமல் நடந்துசென்று பார்த்தனானின் மேற்கு முகப்பை அடைந்ததைக் கண்ட பிறகு, அந்த எதிர்ப்பை அதே உறுதியோடு சொல்வது அவருக்குக் கடினமாகிவிட்டது. மின்தூக்கியைத் தந்தை மறுத்துவிட்டார். அது நடக்க முடியாதவர்களுக்கானது என்பது அவர் கருத்து.

கி.மு. 447-இல் தொடங்கி 432-இல் சிற்ப வேலைகளோடு நிறைவுற்ற பார்த்தனானை இக்டினோஸ், காலிக்ராடீஸ் என்னும் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தனர். சிற்பி ஃபிடியாஸ் மேற்பார்த்தார். பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பென்டெலிகான் மலையிலிருந்து பளிங்குக் கற்கள் கொண்டுவரப்பட்டன. இவை எல்லா நூல்களிலும் உள்ளவை. தந்தை நின்றது கீழே வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த உடைந்த கற்களின் அருகில். சாந்து என்பதே இல்லாமல் கட்டப்பட்ட கோயில் இது. அடுத்தடுத்த இரு கற்களை இறுக்கிப் பிடிக்க, ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் குழி வெட்டி, இரு தலையும் விரிந்த இரும்புப் பட்டையை அதில் பதித்து, உருக்கிய ஈயத்தைச் சுற்றிலும் ஊற்றினர். ஈயம் நீரை உள்ளே விடாது; ஆகவே இரும்பு துருப்பிடிக்காது. நிலம் அதிரும்போது மென்மையான அந்த உலோகம் கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். தூணின் உருளைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தும்போது அவற்றின் மையத்தில் மரத்தாலான முளை பொருத்தப்பட்டது. இரு கற்கள் முழுப்பரப்பிலும் தொட்டுக்கொள்ள வேண்டுமென்று அவர்கள் மெனக்கெடவில்லை. ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் மயிரிழை இடைவெளியும் தெரியாதபடி இழைத்து, நடுப்பகுதியைச் சற்றே தாழ்த்திக் கரடாக விட்டனர். உழைப்பைக் குறைத்து மூட்டை மேம்படுத்திய இந்த முறையைப் பார்த்துத் தந்தை நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பாரந்தூக்கி ஏன் இன்னும் நிற்கிறது என்பதற்கான விடையும் அந்தக் குழிகளிலேயே இருந்தது. 1687-ஆம் ஆண்டு செப்டம்பரில், உதுமானியர் வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்த கோயிலின்மேல் வெனிசியப் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நிக்கோலாஸ் பலனோஸ் என்னும் பொறியாளர் விழுந்த தூண்களை மீண்டும் நிறுத்தியபோது, ஈயம் பூசாத சாதாரண இரும்பைக் கற்களுக்குள் செலுத்தினார். துருப்பிடித்த இரும்பு பருத்து விரிவதால், 2,400 ஆண்டுகள் தாங்கிய பளிங்கு சில பத்தாண்டுகளுக்குள் உள்ளிருந்தே பிளக்கத் தொடங்கியது. 1975-இல் அமைக்கப்பட்ட அக்ரோபோலிஸ் பாதுகாப்புக் குழு அந்த இரும்பை ஒவ்வொன்றாக அகற்றி, துருப்பிடிக்காத டைட்டானியத்தைப் பொருத்திவருகிறது. பலனோஸ் இடம் மாற்றி வைத்த கற்களும் அவற்றுக்குரிய இடங்களுக்குத் திரும்பி வருகின்றன. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துத் தளம் உரிந்து விழும் அரசுக் கட்டடங்களோடு வாழ்நாள் முழுதும் போராடிய ஒருவருக்கு இந்த வரலாற்றை விளக்கவே தேவையிருக்கவில்லை. காண்டிராக்டர் யார் என்ற கேள்வியை அவர் அதன்பின் எழுப்பவில்லை. பழைய காண்டிராக்டரின் வேலையைச் சரிசெய்வதற்குப் புதியது கட்டுவதைவிட மும்மடங்கு காலம் ஆகும் என்று மட்டும் சொன்னார்.

பார்த்தனானின் அடித்தளம் சமதளம் அன்று. நடுவில் மெல்ல உயர்ந்து ஓரங்களில் தாழும் வளைவு கொண்டது. நீண்ட பக்கங்களில் அந்த உயர்வு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். தூண்களும் நேராக நிற்காமல் உட்புறமாக மிகச் சிறிது சாய்ந்துள்ளன. முற்றிலும் மட்டமான தளம் கண்ணுக்கு நடுவில் குழிந்ததுபோல் தோன்றும், அதைத் திருத்தவே இந்த வளைவு என்பது கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் விட்ருவியஸ் தந்த விளக்கம். வழிகாட்டிகள் இன்றும் அதையே சொல்கின்றனர். தந்தை தரையோடு தரையாகக் குனிந்து ஒரு கண்ணை மூடி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "கண்ணுக்காகவும் இருக்கலாம். ஆனா இவ்வளவு பெரிய தளத்துக்கு வாட்டம் இல்லேன்னா மழைத்தண்ணி எங்க போகும்?" என்றார். வாட்டம் என்பது நீர் வழிந்தோடத் தளத்துக்குக் கொடுக்கப்படும் சரிவு. ஆய்வாளர்களுள்ளும் சிலர் வடிகால் தேவையை இவ்வளைவின் காரணங்களுள் ஒன்றாகச் சொல்வதுண்டு என்பதை மகள் அறிந்திருந்தார். எனினும் அந்த விளக்கம் அடிக்குறிப்பில் இருந்தபோது பெறாத வலிமையை அந்த ஒற்றைக் கேள்வியில் பெற்றது என்பதில் ஐயமில்லை. இந்த வளைவின் விளைவாகப் பார்த்தனானில் எந்தக் கல்லும் சரியான செவ்வகம் அன்று, ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது என்ற செய்திதான் அவரை உண்மையில் மலைக்க வைத்தது. அத்தனை கற்களுக்கும் தனித்தனி அளவு என்றால் அத்தனைக்கும் எம்-புக் எழுதியது யார் என்று அவர் வியந்தார்.

எழுதியிருக்கிறார்கள். ஏதென்ஸ் மக்களாட்சி தன் கட்டுமானச் செலவுகளைக் கல்லில் பொறித்துப் பொதுவில் நிறுத்திய அரசு. பார்த்தனானுக்கு வடக்கே, பெண் உருவில் ஆறு தூண்கள் தாங்கும் முகப்புள்ள எரெக்தியான் கோயிலின் கணக்குகள் துண்டு துண்டாகக் கிடைத்துள்ளன. தூண்களில் நெடுவாக்கில் பள்ளக்கோடு செதுக்கியோர் யார், எந்தத் தூணில் யார் யார் வேலை செய்தனர், எவ்வளவு வாங்கினர் என்பதெல்லாம் அவற்றில் உள்ளன. குடிமக்களும், குடியுரிமையின்றி அங்கு வாழ்ந்த அயலாரும், அடிமைகளும் ஒரே வேலைக்கு ஒரே கூலியாக நாளொன்றுக்கு ஒரு திரக்மா பெற்றனர் என்ற செய்தி வரலாற்று வகுப்புகளில் பெருமையோடு சொல்லப்படுவது. மகளும் அவ்வாறே சொல்லி வந்தவர். மஸ்டர் ரோல் எனப்படும் வேலையாள் வருகைப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் சரிபார்த்த தந்தை, "பேர் ஒருத்தன் பேரா இருக்கும், கூலியை வேற ஒருத்தன் வாங்கிட்டுப் போவான்" என்று சுருக்கமாக முடித்தார். அடிமையின் கூலி பெரும்பாலும் உடைமையாளரையே சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் கருத்தும்தான்.

கொரிந்துக் கால்வாயைக் கடந்து தெற்கே சென்றால் வரும் ஆர்கோலிஸ் பகுதியில் மைசீனியும் எபிடாரஸும் உள்ளன. மைசீனியின் சிங்க வாசலைவிட, அதற்கு வெளியே மலைச்சரிவில் மறைந்திருக்கும் அத்ரியஸ் கருவூலம் என்னும் கல்லறையே இருவரையும் நீண்ட நேரம் பிடித்து வைத்தது. கருவூலம் என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். உண்மையில் அது கி.மு. பதின்மூன்றாம் அல்லது பதினான்காம் நூற்றாண்டின் அரச கல்லறை. வட்ட வட்டமாகக் கற்களை அடுக்கி, ஒவ்வொரு வட்டத்தையும் கீழுள்ளதைவிடச் சற்று உள்ளே பிதுக்கி, இறுதியில் உச்சியில் மூடி எழுப்பிய அக்கூடம் 13 மீட்டருக்கும் மேல் உயரமானது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதனினும் பெரிய கவிகை கட்டப்படவில்லை. வாசலின் மேலுள்ள உத்தரக்கல் ஒன்றே ஏறத்தாழ 120 டன் எடையுள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. அக்கல்லின்மேல் சுவர்ப்பாரம் நேராக இறங்காதபடி முக்கோண வடிவில் வெற்றிடம் விட்டிருப்பதைத் தந்தைதான் முதலில் கவனித்தார்.

எபிடாரஸ், மருத்துவத் தெய்வமான அஸ்கிளீபியஸின் திருத்தலம். நோயாளிகள் அங்கே தனிக்கூடத்தில் உறங்கி, கனவில் தெய்வம் வந்து தரும் மருந்துக்காகக் காத்திருந்தனர். குணமானோரின் கதைகள் கல்லில் பொறித்து வைக்கப்பட்டன. கி.மு. நான்காம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட அதன் அரங்கத்தில் 55 வரிசை இருக்கைகள் உள்ளன. கீழே நடுவில் நாணயத்தைப் போட்டால் கடைசி வரிசையிலும் கேட்கும் என்பது அங்கு எல்லோரும் சோதித்துப் பார்க்கும் செய்தி. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட அளவீடுகள், நாணய ஒலி இன்னதென்று புரியும்படி பாதித் தொலைவுவரைதான் எட்டுகிறது என்றும், உரத்துப் பேசும் நடிகரின் குரல் மட்டுமே மேல்வரிசைகளைச் சென்றடையும் என்றும் காட்டின. மகள் மேலே ஏறினார். தந்தை கீழேயே அமர்ந்துகொண்டார். அவர் என்ன சொன்னார் என்பது உச்சியில் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டார் என்பது கையசைவிலிருந்தே தெரிந்தது.

டீலோஸ் வேறு வகையான இடம். சைக்ளேட்ஸ் எனப்படும் தீவுக்கூட்டத்தின் நடுவே, ஐந்து கிலோமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமும் உள்ள, மரநிழலே அரிதான பாறைத் தீவு அது. மிக்கோனோஸ் தீவிலிருந்து அரைமணி நேரப் படகுப் பயணம். ஆனால் கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் காற்று வலுத்தால் படகுகள் நின்றுவிடும். காற்று தணியும்வரை காத்திருந்தே அங்கு செல்ல முடிந்தது. பெண்தெய்வம் ஹீராவின் சினத்துக்கு அஞ்சி எந்த நிலமும் இடம்தர மறுத்தபோது, கருவுற்ற லேட்டோவுக்கு இத்தீவு மட்டுமே இடம் கொடுத்தது என்றும், அப்பல்லோ இங்கேயே பிறந்தான் என்றும் புராணம் சொல்கிறது. ஒரு தாய்க்குப் பிள்ளை பெற இடம் கொடுத்த புண்ணியத்தால் புகழடைந்த அதே தீவில், கி.மு. 426-இல் ஏதென்ஸ் அரசு 'தூய்மைச் சடங்கு' ஒன்றை நடத்தி, கல்லறைகள் அனைத்தையும் தோண்டி எலும்புகளை அருகிலுள்ள ரெனியா தீவுக்கு அகற்றியதோடு, இனி இங்கு எவரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தது. பேறுகாலம் நெருங்கிய பெண்களும் சாகக்கிடந்த முதியவர்களும் படகேற்றி ரெனியாவுக்கு அனுப்பப்பட்டனர். இதை மகள் சொல்லக் கேட்ட தந்தை, "அப்ப எனக்கு இங்க ரூம் கிடைக்காது" என்றார். இன்றும் காவலர்களையும் அகழாய்வாளர்களையும் தவிர வேறெவரும் அங்கு இரவு தங்க முடியாது என்பதால் அவர் சொன்னது சட்டப்படியும் சரியே.

டீலோஸுக்கும் பார்த்தனானுக்கும் உள்ள தொடர்பு பணத்தாலானது. பாரசீகத்துக்கு எதிராகக் கடலோர நகரங்கள் கி.மு. 478-இல் அமைத்த கூட்டணியின் பொதுநிதி இத்தீவில்தான் வைக்கப்பட்டிருந்தது, கி.மு. 454-இல் அதை ஏதென்ஸ் தன் நகருக்கே மாற்றிக்கொண்டது. ஏழு ஆண்டுகளில் பார்த்தனான் வேலை தொடங்கியது. கூட்டாளிகளின் பணத்தில் ஏதென்ஸ் தன்னை அலங்கரித்துக்கொள்கிறது என்று அக்காலத்திலேயே குற்றம் சாட்டப்பட்டதைப் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் பதிந்துள்ளார். ஒதுக்கீடு ஒரு தலைப்பிலும் செலவு வேறொரு தலைப்பிலும் போவது தந்தைக்குப் புதிய செய்தி அல்ல.

கி.மு. 167-ஐ ஒட்டி ரோம் இத்தீவை வரியற்ற துறைமுகமாக அறிவித்தபின், இத்தாலியரும் சிரியரும் எகிப்தியரும் குடியேறி, இது கிழக்கு நடுநிலக் கடலின் பெருஞ்சந்தையாயிற்று. ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி ஏற்றவல்ல துறை என்று பண்டைய எழுத்தாளர் ஸ்டிராபோ எழுதியிருப்பதும் இதைப் பற்றியே. இன்று காணப்படும் வீடுகள் பெரும்பாலும் அக்காலத்தவை. வண்ணக் கற்சில்லுகளால் புலிமேல் அமரும் டயோனிசஸ் தெய்வத்தின் உருவம் அமைந்த தளத்தைப் பார்க்கப் பயணிகள் கூடுகின்றனர். அத்தகைய முற்றங்களின் அடியில் உள்ளதைப் பார்ப்போர் குறைவு. ஆறோ ஏரியோ போதாத தீவில், ஒவ்வொரு செல்வர் வீட்டின் நடுமுற்றமும் கூரை நீரை உள்வாங்கும் வாய். அதன் கீழே பாறையில் வெட்டிய தொட்டி. அரங்கத்தின் சரிவில் விழும் மழைநீர்கூட வீணாகவில்லை; அதை ஏந்த, வரிசையாகக் கல் வளைவுகள் தாங்கும் பெருந்தொட்டி ஒன்று அரங்கத்தை அடுத்தே கட்டப்பட்டிருந்தது. அந்த வளைவுகளின் அடியில் தேங்கிய பச்சை நீரையும் அதில் கத்திய தவளைகளையும் பார்த்துக்கொண்டு தந்தை உட்கார்ந்திருந்த நேரத்தில், மகள் நக்சோஸ் மக்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் காணிக்கையாக்கிய சிங்கங்களின் வரிசையைப் பார்த்து வந்தார். வெளியே நிற்பவை நகல்கள், மூலச் சிங்கங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளன. சிங்கங்களுக்கு எதிரே இருந்த புனித ஏரி, மலேரியா காரணமாக 1920-களில் வற்றடிக்கப்பட்டு, நடுவில் ஒற்றைப் பேரீச்ச மரத்தோடு வெறும் பள்ளமாக இருக்கிறது. தொட்டியையும் ஏரியையும் ஒப்பிட்டுத் தந்தை சொன்ன தீர்ப்பு, மூடிய தண்ணீரை வைத்திருந்தவன் பிழைத்தான் என்பது. ஊர் அழிந்ததற்குக் காரணம் தண்ணீர் அன்று, கி.மு. 88-இலும் 69-இலும் நடந்த தாக்குதல்கள் என்று மகள் திருத்தியதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

நக்சோஸில் சொல்ல வேண்டியது ஒன்றே. தீவின் வடகோடியில் அப்பொல்லோனாஸ் கிராமத்துக்கு மேலே, பழைய கல்குவாரியில், பத்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள தாடி வைத்த ஆண் உருவம் ஒன்று மலைப்பாறையிலேயே படுத்துக் கிடக்கிறது. எடையைக் குறைத்து எடுத்துச்செல்ல, சிற்பத்தை வெட்டிய இடத்திலேயே பாதி செதுக்கிவிடுவது அக்கால வழக்கம். கல்லில் விரிசல் தெரிந்ததும் கைவிட்டுவிட்டார்கள் என்றே கருதப்படுகிறது. முடிந்த சிற்பத்தில் உளித்தடம் தேய்க்கப்பட்டுவிடும். இங்கே ஒவ்வோர் உளித்தடமும் நேற்றைய வேலைபோல் நிற்கிறது.

கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனையில்தான் இருவரின் கருத்தும் நேரடியாக மோதியது. 1900-இல் அங்கு பெரும் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ், கண்டெடுத்ததைப் பாதுகாப்பதோடு நிற்காமல் மீளக் கட்டவும் செய்தார். முதலில் மரம், பின்னர் எஃகு உத்தரம், 1920-களில் இரும்புக்கம்பி பதித்த கான்கிரீட் என்று அவர் பயன்படுத்திய பொருள்கள் மாறின. எரிந்துபோன மரத்தூண்கள் மேலே பருத்துக் கீழே சிறுத்தவை என்று சுவரோவியங்களிலிருந்து அறிந்து, அதே வடிவில் கான்கிரீட் தூண்களை நிறுத்திச் சிவப்பு வண்ணமும் பூசினார். கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் அரண்மனையா, 1920-களின் கற்பனையா என்று பிரித்தறிய முடியாத இந்த வேலையைத் தொல்லியலாளர்கள் இன்றும் மன்னிக்கவில்லை, மகளும் மன்னிக்கவில்லை. தந்தை மாறாக எண்ணினார்: பெருமாடிப் படிக்கட்டின் மேல்தளங்களைத் தாங்கி நிறுத்தியிராவிட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே அது சரிந்திருக்கும், இடிந்து கிடப்பதைப் பார்த்து மாடி இருந்தது என்று எந்தச் சாதாரண மனிதனுக்கும் தோன்றாது. எவன்ஸின் தொடக்க அனுபவமும் இதற்குச் சான்று தருகிறது. சுரங்கம்போல் தோண்டிச் சென்று தாங்கு கொடுக்காமல் அந்தப் படிக்கட்டை மீட்டிருக்கவே முடியாது. ஆனால் கான்கிரீட்டின் விளிம்புகள் வெடித்து உள்ளிருந்த கம்பி துருவோடு வெளியே தெரிந்த இடங்களுக்கு வந்தபோது தந்தையின் முகம் மாறியது. ஏதென்ஸில் பலனோஸின் இரும்பு செய்ததையே இங்கு எவன்ஸின் கம்பி செய்துகொண்டிருந்தது. எவன்ஸின் கான்கிரீட்டும் வரலாற்றுச் சின்னமாகிவிட்டதால் அதற்கே தனியாகப் பாதுகாப்பு வேலை நடந்துவருகிறது என்று மகள் சொல்ல, ரிப்பேருக்கு ரிப்பேர் என்று அவர் முணுமுணுத்தார்.

சிம்மாசன அறைக்கு நீண்ட வரிசை இருந்தது. தந்தை அதில் நிற்க மறுத்து, கிழக்குப் பக்கத்தில் படிகளை ஒட்டி இறங்கும் கல் வாய்க்காலிடம் போய்விட்டார். செங்குத்தான சரிவில் நீர் துள்ளி வழியாதபடி வாய்க்காலின் தரையை வளைவு வளைவாகச் செதுக்கி, மண் படிவதற்குச் சிறு தொட்டியும் வைத்திருக்கிறார்கள். வேறோர் இடத்தில், ஒரு முனை குறுகி மறுமுனை அகன்று ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி சுட்ட மண் குழாய்கள் கண்ணாடித் தடுப்பின்கீழ் தெரிந்தன. குழாய் குறுகும்போது நீரின் விரைவு கூடும், வண்டல் தங்காது என்பதே இவ்வடிவத்துக்குத் தரப்படும் விளக்கம். மகள் வரிசையில் நின்று எவன்ஸ் புதுப்பித்த சிம்மாசன அறையையும் அதன் ஓவியங்களையும் பார்த்துத் திரும்பியபோது, தந்தை குழாய்களின் மூட்டை விரலால் காற்றில் வரைந்து, அருகே நின்ற அயல்நாட்டு முதியவர் ஒருவருக்கு மொழியே இல்லாமல் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த முதியவரும் ஏதோ ஒரு நாட்டில் குழாய் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். இடையிடையே திருத்தம் சொன்னார்.

கிரீட்டின் ஹெராக்ளியானிலிருந்து ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்துக்குச் செல்லும் இரவுக் கப்பலிலும் வாதம் தொடர்ந்தது. கிடைத்ததைக் கிடைத்தபடி விடவேண்டும் என்ற மகளின் கொள்கை டீலோஸுக்குப் பொருந்தும், க்னோசோஸின் படிக்கட்டுக்குப் பொருந்தாது என்பது தந்தையின் நிலை. எதைக் கட்டினாலும் பிரித்தெடுக்கும்படி கட்ட வேண்டும் என்ற இடத்தில் இருவரும் ஓரளவு நெருங்கினர். ஆயினும் எவன்ஸைப் பற்றிய தீர்ப்பில் ஒற்றுமை ஏற்படவில்லை. "குழாய்க்கு முழுப் பில்லும் பாஸ் பண்ணலாம். படிக்கட்டுக்குப் பாதி. அந்தச் சிவப்புத் தூணுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று தந்தை சொன்னார். படிக்கட்டுக்கு அந்தப் பாதிகூட அதிகம் என்று மகள் தொடங்க, கப்பலின் உணவகம் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது.